1982.220.11... நியூயார்க்கில் காரைக்கால் அம்மையாரின் முகவரி இதுதான்!

ஆனி மாதப் பௌர்ணமி வந்தால் காரைக்காலில் கால்வைக்க இடம் இருக்காது. பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடிகளிலிருந்தும் வாசல்களிலிருந்தும் மாம்பழங்களை வீசுவார்கள். கீழே நிற்பவர்கள் முந்தானையிலும் துண்டிலும் பிடிப்பார்கள். எல்லாம் அந்த ஊர்ப் பெண் புனிதவதிக்காக. பேய் உருவம் கேட்டு வாங்கி, காரைக்கால் அம்மையார் ஆனவர்.

அதே அம்மையார் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் இருக்கிறார். 13-ம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த செப்புத் திருமேனி. ஒரு சாண் உயரம்தான். எலும்பும் தோலுமாக உட்கார்ந்து, கையில் தாளம் வைத்திருப்பார். அங்கே அவருக்கு ஒரு நம்பர் உண்டு: 1982.220.11.

இது சும்மா போட்ட நம்பர் இல்லை. 1982 என்பது அவர் உள்ளே வந்த வருடம். 220 அந்த வருடத்தில் வந்த தொகுதியின் எண். 11 என்பது அந்தத் தொகுதியில் இவருடைய எண். அருங்காட்சியகத்தில் ஒரு பொருளுக்குப் பெயர் மாறலாம், காலக் கணிப்பு மாறலாம். இந்த எண் மட்டும் மாறாது. இதைக் கொடுத்து, எழுதி, காப்பாற்றுபவர்தான் கலெக்‌ஷன்ஸ் மேனேஜர். டிக்கெட் வாங்கி உள்ளே போகிற நாம் அவரைப் பார்க்கவே மாட்டோம்.

பார்க்காததற்குக் காரணம் இருக்கிறது. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 80 லட்சம் பொருள்கள் உள்ளன. அதில் மக்கள் பார்வைக்கு வைத்திருப்பது ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று. மிச்சமெல்லாம் உள்ளறைகளில். எந்த அறை, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று எழுதி வைக்கவில்லையென்றால், பொருள் கட்டடத்துக்குள்ளேயே தொலைந்துபோகும். நம் வீட்டுப் பரணில் நடப்பதுதான்!

ஒரு சிலை புதிதாக வந்தால் முதலில் அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுப்பார்கள். முன், பின், பக்கவாட்டு, அடிப்பீடம். உயரம், எடை குறிப்பார்கள். விரல் உடைந்திருக்கிறதா, பீடத்தில் விரிசலா, துரு எங்கே என்று ஒன்றுவிடாமல் எழுதுவார்கள். பிறகு, கண்ணுக்கு எளிதில் தெரியாத இடத்தில் நிறமற்ற வார்னிஷ் தடவி, அதன்மேல் எண் எழுதி, மேலே இன்னொரு பூச்சு. தேவைப்பட்டால் சுத்தமாக நீக்கிவிடலாம். தூக்குவதற்கும் முறை உண்டு. கையுறை போட்டு அடியில் தாங்கித்தான் தூக்க வேண்டும், கையைப் பிடித்து அல்ல. வியர்வையில் இருக்கும் உப்பு உலோகத்துக்கு ஆகாது.

காரைக்கால் போன்ற கடலோர ஊர்களில் இந்த உப்புதான் பெரிய வில்லன். காற்றிலேயே இருக்கிறது. செம்பில் உப்பின் குளோரைடு ஏறி, ஈரமும் சேர்ந்தால் வெளிர்ப்பச்சைப் பொடி பூக்கும். துடைத்தால் போய்விட்டது போலத் தெரியும். உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். அதனால்தான் வெண்கலங்கள் இருக்கும் அலமாரிகளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைத்து, ஈரப்பதத்தை 40 சதவிகிதத்துக்குக் கீழே வைக்கப் பார்க்கிறார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகம் 1930-களிலேயே இதற்கென வேதியியல் ஆய்வுக்கூடம் தொடங்கி, மின்பகுப்பு முறையில் செப்புத் திருமேனிகளைச் சுத்தம் செய்தது.

சரி, இத்தனை எழுத்து வேலையும் எதற்கு? காரைக்காலிலிருந்து வடக்கே கொஞ்ச தூரம் போனால் விடை கிடைக்கும்.

நண்டலாறு தாண்டினால் பொறையார், தரங்கம்பாடி. பக்கத்தில் அனந்தமங்கலம். பத்துக் கை ஆஞ்சநேயருக்காகப் பலர் போயிருப்பீர்கள். அந்த ராஜகோபால சுவாமி கோயிலில் 1978 நவம்பர் 23-ம் தேதி இரவு சிலைகள் திருடுபோயின. திருடர்கள் பிடிபட்டார்கள். ராமர், சீதை, லட்சுமணர் சிலைகள் கிடைக்கவில்லை. கடல் கடந்துவிட்டன.

நாற்பது வருடம் கழித்து, இங்கிலாந்தில் ஒருவரிடம் இருந்த மூன்று சிலைகள் அவையாக இருக்கலாம் என்று 'இந்தியா பிரைட் புராஜெக்ட்' தன்னார்வலர்கள் சொன்னார்கள். 'இருக்கலாம்' போதாதே! ராமர் சிலை எத்தனையோ கோயில்களில் உண்டு. இதே ராமர்தான் என்று நிரூபிக்க வேண்டும்.

கைகொடுத்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். புதுச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் 1958 ஜூனில் அதே கோயிலில் எடுத்தது. காரைக்காலும் புதுச்சேரியும் 1954-ல் பிரெஞ்சு நிர்வாகத்திலிருந்து இந்தியாவின் கைக்கு வந்தன. அடுத்த வருடம் தொடங்கிய இந்த நிறுவனம், 1956 முதல் தென்னிந்தியக் கோயில்களை ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்துச் சேர்த்தது. இன்று அங்கே ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எடுத்தவர்களுக்கு அப்போது திருட்டைப் பற்றிய நினைப்பு இல்லை. கலை வரலாற்று ஆய்வுக்காக எடுத்தார்கள். ஆனால், ஊர், கோயில், தேதி எழுதி, அறுபது வருடம் பூஞ்சை பிடிக்காமல் பாதுகாத்தார்களே... அந்த முகம் தெரியாத அலுவலர்கள்தான் இந்தக் கதையின் ஹீரோக்கள்.

2020 செப்டம்பர் 15-ம் தேதி லண்டன் இந்தியத் தூதரகத்தில் மூன்று சிலைகளும் ஒப்படைக்கப்பட்டன. வைத்திருந்தவர் தாமாகவே கொடுத்துவிட்டார்.

காகிதம் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. விற்ற சுபாஷ் கபூர் தரப்பு, சிலை பல வருடங்களுக்கு முன்பே இந்தியாவை விட்டுப் போனதாகப் பொய்ப் பத்திரங்கள் கொடுத்திருந்தது. அங்கும் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் படங்கள்தான் பொய்யை உடைத்தன. 2014 செப்டம்பரில் நடராஜர் திரும்பினார். இவ்வளவு பணம் கொடுக்குமுன், அந்தக் காகிதங்களை ஒருவர் இன்னும் கொஞ்சம் சந்தேகத்தோடு படித்திருக்கலாம்.

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் ஒரு தகவல்: 'மியூசியாலஜி' என்று தனிப் படிப்பே இருக்கிறது. பரோடா பல்கலைக்கழகத்தில் 1952 முதல் அதற்குத் தனித் துறை உண்டு. கேமரா முன் நிற்கிற வேலை அல்ல. தூசி, பட்டியல், பூட்டு, சாவி என்று போகும் நாள்கள்.

அனந்தமங்கலத்து ராமர் அந்த நவம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்து, கோயில் நிர்வாகத்திடம் போய்ச் சேர்ந்தார். 42 வருடம் கழித்து. 1958-ம் வருடத்துப் படம் இன்னும் புதுச்சேரியில்தான் இருக்கிறது.