எம்.பி.ஏ. படிப்புக்கு ஏற்ற மாதம் எது?

துறையூர், முசிறி பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரி உருவாகி வருகிறார். மே மாதம் தேர்வு முடிவு வருகிறது. ஜூன் மாதம் வீட்டில் பேச்சு எழுகிறது.

"பையனை எம்.பி.ஏ.யில் சேர்த்துவிடுங்கள்" என்கிறார் மாமா. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போகிறது. எந்தக் கல்லூரியில் இடம் மீதி இருக்கிறதோ, அந்தக் கல்லூரியில் பையன் சேருகிறான்.

படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் யோசித்த மாதம் தவறு!

நம் ஜில்லாவிலேயே, புதுக்கோட்டை சாலையில் சூரியூரில் இந்திய மேலாண்மைக் கழகம் இருக்கிறது. இத்தகைய கழகங்கள் கல்கத்தாவிலும் ஆமதாபாத்திலும் 1961-ல் தோன்றின. தமிழ்நாட்டுக்கு ஒன்று கிடைக்க 50 ஆண்டு ஆயிற்று. 2011-ல் திருச்சியில் தொடங்கினார்கள்.

அங்கே சேர "கேட்" என்ற தேர்வு எழுத வேண்டும். தேர்வு நடப்பது நவம்பர் கடைசியில். மனுப் போடுவது ஆகஸ்ட், செப்டம்பரில். பிறகு நேர்முகத் தேர்வு. ஜூன் மாதம் நாம் பேசத் தொடங்கும்போது அங்கே வகுப்பே தொடங்கப் போகிறது!

தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் "டான்செட்" தேர்வும் பெரும்பாலும் மார்ச் மாத வாக்கில் முடிந்துவிடுகிறது.

ஆகவே கடைசி ஆண்டு தொடங்கும்போதே வீட்டில் பேசிவிட வேண்டும். பட்டம் கைக்கு வருமுன்பே கேட் எழுத அனுமதி உண்டு. பட்டப் படிப்பில் 50 விழுக்காடு மதிப்பெண் தேவை. ஆதிதிராவிடர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகளுக்கு 45 போதும். கணக்கு நம் பிள்ளைகளுக்கு வரும். ஆங்கிலப் பத்தியை வேகமாகப் படித்துப் பொருள் சொல்வதில்தான் தடுமாறுகிறார்கள். அதற்கு ஓராண்டுப் பழக்கம் வேண்டும்.

காலம் தவறிவிட்டதா? வேலைக்குப் போகட்டும். நெல் மண்டியில் கணக்கு எழுதினாலும் சரி, திருச்சியில் ஒரு கம்பெனியில் சரக்கு விற்றாலும் சரி. இரண்டு ஆண்டு அப்படி இருந்தவனுக்கு, தனக்கு விற்பனை வருமா, நிதி வருமா என்று தெரிந்துவிடும். வேலை அனுபவத்துக்குத் தனி மதிப்பெண் தரும் கல்லூரிகளும் பல. கேட் தேர்வுக்கு வயது வரம்பும் இல்லை. பெண் பிள்ளைக்கும் இதே யோசனைதான். "இரண்டு ஆண்டு போனால் கல்யாணம் தள்ளிப் போகுமே" என்று அவசரப்பட்டு, கிடைத்த கல்லூரியில் சேர்ப்பதால் யாருக்கு லாபம்?

எல்லோருக்கும் எம்.பி.ஏ.தானா என்றும் கேட்க வேண்டும். கணக்கிலும் வரியிலும் ஆசையுள்ள பி.காம். பிள்ளைக்கு ஆடிட்டர் படிப்பு பொருந்தலாம். 55 விழுக்காடு வாங்கியவர் முதல்படித் தேர்வு எழுதாமல் நேரே இடைநிலைத் தேர்வுக்குப் பதியலாம். செலவும் குறைவு. ஆனால் தேர்வு கடினம்; பொறுமை வேண்டும்.

சில கல்லூரிகள் எம்.பி.ஏ. பட்டம் தருவதில்லை, டிப்ளமாதான் தருகின்றன. சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள். மேலாண்மைக் கழகங்களுக்கே 2018 ஜனவரி கடைசியில் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பட்டம் வழங்கும் உரிமை கிடைத்தது.

நகைக்கு வருவோம். பிரதம மந்திரி வித்யாலட்சுமி என்ற திட்டத்துக்கு 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பட்டியலில் உள்ள கல்லூரியில் இடம் கிடைத்தால், அடமானமும் ஜாமீனும் இல்லாமல் வங்கிக் கடன் கேட்கலாம். மனுவை இணையதளத்தில் போட வேண்டும். உங்கள் பிள்ளைக்கு இடம் கொடுத்த கல்லூரி அந்தப் பட்டியலில் உண்டா என்பதை, முன்பணம் கட்டுவதற்கு முன்பே வங்கியில் விசாரித்துக்கொள்ளலாம்.