பள்ளிவாசல் கடையும் புகையிலைச் சட்டமும்



புகையிலையின் தீங்கைத் தடுக்க நம் நாட்டில் சட்டம் இல்லையென்று எவரும் குறைகூற இயலாது. 1975ஆம் ஆண்டுச் சட்டம் சிகரெட் பெட்டியின்மீது எச்சரிக்கை வாசகத்தை அச்சிடச் செய்தது. பீடியையும் மெல்லும் புகையிலையையும் அது தொடவில்லை. 2003ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமே எல்லாவற்றையும் ஒருங்கே வளைத்தது. விளம்பரம் தடுக்கப்பட்டது, பொது இடத்தில் புகைப்பது குற்றமாயிற்று, 18 வயது நிரம்பாதவருக்கு விற்பதும், கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜ தூரத்துக்குள் விற்பதும் விலக்கப்பட்டன. 2013இல் தமிழக அரசு குட்காவைத் தடை செய்தது. 2016 முதல் பெட்டியின் முகப்பில் 85 விழுக்காட்டு இடத்தை நோயின் படமும் எச்சரிக்கை வாசகமும் நிறைத்திருக்கின்றன.

இத்தனைக்குப் பிறகும் நிலைமை என்ன? 2016-17இல் நாடு முழுவதும் எடுத்த கணக்கின்படி, தமிழகத்தில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 20 பேர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்துகிறார்கள். நம் சேலம், நாமக்கல் சமவெளிக்கு இது புதிய செய்தியன்று. கிணற்றுப் பாசனத்தில் மெல்லும் புகையிலை விளைந்த மண் இது. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் சங்ககிரியிலும் லாரித் தொழிலை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். இரவெல்லாம் உறக்கத்தை விரட்ட ஓட்டுநர் தம் கன்னத்துள் அடக்கும் பொட்டலம் பின்னாளில் வாய்ப்புற்றாக அந்தக் குடும்பத்துக்கே திரும்பி வருகிறது.

“ஹஜ்ரத், இது மக்ரூஹ்தானே, ஹராம் இல்லையே?” என்று நம்மிடம் கேட்பவர் பலர். இக்கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. இமாம்கள் மத்ஹபுகளை வகுத்த காலத்தில் புகையிலை நம் உலகில் இல்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த இலை அது. வந்தபோதே கருத்து வேறுபாடும் உடன் வந்தது. 1617இல் மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் அதைத் தடை செய்தார். 1633இல் துருக்கி சுல்தான் நான்காம் முராத் தடை செய்தார். ஆனால் டமாஸ்கஸ் நகரத்து ஹனஃபி அறிஞர் அப்துல் கனி நாபுலுஸி (ரஹ்) அவர்களோ, அது ஆகுமானதே என்று தனி நூலே எழுதினார்கள். அவர்கள் 1731இல் மறைந்தார்கள். புகையிலையால் நுரையீரலில் புற்று உண்டாகிறது, இதயக் குழாய் அடைபடுகிறது என்பதை அன்று நிறுவிக்காட்ட எந்த மருத்துவராலும் இயலவில்லை. தீங்கு நிறுவப்படாத ஒரு பொருளுக்கு அந்தப் பெரியார் அளித்த தீர்ப்பை, தீங்கு நிறுவப்பட்ட பொருளுக்கு நாம் கேடயமாக்கிக்கொள்வது அவர்களுக்கே இழைக்கும் அநீதியாகும். நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ளலாகாது என்பது திருமறையின் கட்டளை (2:195). தனக்கும் தீங்கு செய்யலாகாது, பிறருக்கும் தீங்கு செய்யலாகாது என்பது நாயகம் (ஸல்) அவர்கள் வகுத்த நெறி. புகைப்பவரின் மனைவியும் மக்களும் அந்தப் புகையையே சுவாசிக்கிறார்கள். பச்சை வெங்காயமும் பூண்டும் உண்ட வாயோடு பள்ளிக்கு வரலாகாதென்று தடுத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். நோன்பு திறந்த கையோடு மதிலுக்கு வெளியே சென்று பற்றவைத்துவிட்டு மஃரிபு ஸஃப்பில் வந்து நிற்பவரை அருகில் நிற்பவர் அறிவார். பகல் முழுதும் பொறுத்தவருக்கு இரவிலும் பொறுக்க இயலும் என்பதை நோன்பே அவருக்குக் காட்டித் தந்துவிட்டது. அவர்தாம் அதைக் கண்டுகொள்ளவில்லை.

எனினும் இன்று நாம் பேச விரும்புவது புகைப்பவரைப் பற்றியன்று. நம் ஜமாஅத்துகளைப் பற்றி. பள்ளிவாசல் மதிலை ஒட்டி வக்ஃபுக் கடைகள் இருப்பதை ஊர்தோறும் காண்கிறோம். அவற்றுள் ஒன்றேனும் பெட்டிக்கடையாகவோ தேநீர்க் கடையாகவோ இருக்கும். வாசலில் சிகரெட்டும் பீடியும் அடுக்கியிருக்கும். உள்ளே மக்தபில் பிள்ளைகள் குர்ஆன் ஓதிக்கொண்டிருப்பார்கள். 100 கெஜம் என்ற விதி பள்ளிக்கூடத்துக்குத்தான், மக்தபுக்கு இல்லையென்று வாதிடுவோர் இருக்கலாம். வக்கீல்கள் வாதிடட்டும். ஓதிவிட்டு வெளியே வரும் பிள்ளையின் கண்ணில் முதலில் படுவது எது என்பதற்கு வாதம் தேவையில்லை.

கடைக்காரர் சொல்வதையும் கேட்க வேண்டும். சிகரெட்டை நிறுத்தினால் தேநீர் குடிக்க வருபவரும் வேறு கடைக்குப் போய்விடுவார், வாடகையை எதைக்கொண்டு தருவேன் என்கிறார். இது பொய்யன்று. முத்தவல்லிக்கும் ஒரு நியாயம் உண்டு. மின்கட்டணமும் முஅத்தினார் சம்பளமும் இந்த வாடகையிலிருந்தே வருகின்றன. ஏன், இதை எழுதும் நம்போன்ற ஆலிம்கள் வாங்கும் மாதச் சம்பளமும் அதிலிருந்துதான். ஆதலால்தான் இதைச் சொல்லும் கடமை மற்றெவரையும்விட நமக்கு மிகுதி. அல்லாஹ் தூயவன், தூயதையே ஏற்பான் என்று மிம்பரில் நின்று ஓதுகிறோம். அந்த மிம்பருக்கு எண்ணெயிட்டு மெருகேற்றிய பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்கலாகாது.

கடைக்காரரை வெளியேற்றுவது தீர்வாகாது; அவரும் நம் ஸஃப்பில் நிற்பவரே. ஓராண்டுக்கு வாடகையைக் குறைத்துக்கொடுத்து, புகையிலைப் பொருள் விற்கலாகாது என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்த்தால் போதும். குறையும் தொகையை ஜமாஅத்தார் வீட்டுக்கு வீடு பகிர்ந்துகொள்ளலாம். புகைப்பதை நிறுத்தியவர் தாம் சிகரெட்டுக்குச் செலவிட்டதில் பாதியைத் தந்தாலே பல பள்ளிகளின் கணக்கு நேராகிவிடும்.

வீட்டிலிருக்கும் தாய்மார்களுக்கும் ஒரு சொல். தந்தைக்கு சிகரெட் வாங்கிவரப் பத்து வயதுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. சிறுவர் கையில் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு 7 ஆண்டுவரை கடுங்காவலும் 1 இலட்சம் ரூபாய்வரை அபராதமும் உண்டென்று 2015ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டம் கூறுகிறது. அனுப்பாதீர்கள். கேட்பவர் தாமே எழுந்து நடக்கட்டும்.

கடை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்படுகின்றன. தங்கள் பள்ளியின் ஒப்பந்தம் முடியும் தேதி எதுவென்று இன்று ஜும்ஆவுக்குப் பின் முத்தவல்லியிடம் கேளுங்கள்.