தலையாரி வராத ஊர்

ஐந்து பேர் மட்டுமே படிக்கும் பள்ளிக்கூடம். முதல் வகுப்புச் சிறுமியிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பையன் வரை எல்லோரும் ஒரே அறையில் அமர்ந்திருக்கிறார்கள். ஆசிரியை அடிக்கடி மேசைமேல் சாய்ந்து தூங்கிவிடுகிறார். பள்ளி விட்டதும் பிள்ளைகள் வயல்களுக்கு நடுவே நடந்து வீடு திரும்புகிறார்கள். வழியில் எதையாவது வேடிக்கை பார்த்து நின்றுவிடுகிறார்கள். 2013-இல் தொடங்கி 2021-இல் மூன்றாம் பருவம் வரை வந்த 'நான் நான் பியோரி' என்னும் ஜப்பானிய அனிமேத் தொடரின் கதையைச் சொல்லச் சொன்னால் இவ்வளவுதான் சொல்ல முடியும்.

சூலக்கரையிலிருந்து கல்லூரிக்குப் போகும் பேருந்தில் என் மாணவர்கள் கைபேசியில் விரும்பிப் பார்ப்பவற்றுள் இவ்வகையும் ஒன்று என்று அறிந்தபோது எனக்கு வியப்பாக இருந்தது. சண்டையும் பூதமும் நிறைந்த அனிமேக்களை அவர்கள் பார்ப்பதில் வியப்பில்லை. நகரத்தில் வளர்ந்தவர்கள் கிராமத்தைக் கண்டு மயங்குவதும் புரிந்துகொள்ளக் கூடியதே. இவர்களோ சன்னலுக்கு வெளியே தினமும் கரிசலைப் பார்க்கிறவர்கள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி என்னும் முக்கோணத்துக்குள் பிறந்தவர்கள். இவர்களுக்கு எதற்கு இன்னொருவருடைய கிராமம்?

தப்பித்தல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிற நண்பர்கள் உண்டு. சிற்றிதழ் வாசித்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் எப்போதும் கைவசம் இருக்கும். எதிலிருந்து தப்பிக்கிறார்கள் என்ற அடுத்த கேள்வியைத்தான் நாம் பெரும்பாலும் கேட்பதில்லை. ஜப்பானியர் இவ்வகைப் படைப்புகளை 'இயாஷிகெய்' என்கிறார்கள். புண்ணாற்றுவது என்று பொருள் கொள்ளலாம். 'இயாஷி' என்ற சொல் அங்கே பெருவழக்கானது 1995-க்குப் பிறகு. அந்த ஆண்டு சனவரியில் கோபே நிலநடுக்கத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மார்ச்சில் டோக்கியோவின் சுரங்க ரயில்களுக்குள் நச்சுவாயு பரப்பப்பட்டது. புண் முதலில் வந்தது, ஆற்றுகிற கதை பிறகுதான் வந்தது.

தமிழிலக்கியம் படித்தவர்களுக்கு இந்த வகை அவ்வளவு அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல். கார்காலம், மாலைப்பொழுது, தொழுவம் திரும்பும் ஆநிரை, வாசலில் காத்திருக்கும் ஒருத்தி. நிகழ்ச்சி என்று சுட்டிக் காட்ட அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஒன்றும் நிகழாத பொழுதுக்கு ஒரு திணையையே ஒதுக்கி வைத்த மரபு நம்முடையது. ஆனால் முல்லையும் வறண்டால் பாலையாகும் என்பது இளங்கோவடிகளின் கணக்கு. எங்கள் வட்டாரத்தின் நவீன எழுத்து அந்த வறட்சிக்குப் பிறகு எழுதப்பட்டது.

கி. ராஜநாராயணனின் 'கதவு' சிறுகதையை எடுத்துக்கொள்வோம். வீட்டுக் கதவில் தொற்றிக்கொண்டு பிள்ளைகள் பேருந்து விளையாட்டு ஆடுகிறார்கள். கிடைத்த ஒரு தீப்பெட்டிப் படத்தைக் கதவில் ஒட்டி மகிழ்கிறார்கள். இந்தப் பகுதியை மட்டும் தனியே எடுத்து ஓர் அனிமேயாக வரைந்தால் 'நான் நான் பியோரி'க்குச் சற்றும் குறையாது. பிறகு தலையாரி வருகிறார். தீர்வை பாக்கிக்காகக் கதவு கழற்றப்படுகிறது. கதவில்லாத வீட்டுக்குள் வாடைக்காற்று வருகிறது, சாவு வருகிறது. தமிழில் கிராமத்துக் குழந்தையின் விளையாட்டு சில பக்கங்கள்கூட நீடிப்பதில்லை. யாரோ ஒரு தலையாரி வந்து சேர்ந்துவிடுகிறார். இது எழுத்தாளரின் குறையன்று. அவர் பார்த்த ஊரில் அவர் வந்தார், ஆகவே கதையிலும் வந்தார்.

சிவகாசி வட்டாரத்தில் தலையாரிக்குப் பதிலாக வந்தது பேருந்து. 'நான் நான் பியோரி'யின் ஊரில் பேருந்து எப்போதாவது வரும், பிள்ளைகள் அதற்காகக் காத்திருப்பார்கள். 1980-களில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் விடியுமுன் பேருந்து வந்து பிள்ளைகளுக்காகக் காத்திருந்தது. தீப்பெட்டி ஆபீசுக்கு ஆள் ஏற்றிப்போகும் பேருந்து அது. (தொழிற்சாலையை 'ஆபீஸ்' என்பது இங்குள்ள வழக்கு. கௌரவமான சொல்தான்.) அங்கே ஒரு சிறுமியின் பொழுது கட்டைக் கணக்கில் அளக்கப்பட்டது. இத்தனை கட்டை அடுக்கினால் இவ்வளவு கூலி. பூமணி இயக்கிய 'கருவேலம்பூக்கள்' (2000) இந்த வாழ்க்கையைத்தான் காட்டியது. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்சநீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்பளித்தது. இன்றைய மாணவர்களின் தாய்மார் பலர் அக்காலத்துப் பிள்ளைகள்.

அத்துடன் விபத்துகள். 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டோர். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 15-க்கும் மேற்பட்டோர். இவை பெரியவை. சிறியவை நாளிதழின் மாவட்டப் பக்கத்தோடு முடிந்துபோகும். தொலைவில் ஒரு சத்தம் கேட்டதும் வகுப்பில் இரண்டொரு முகங்கள் சன்னல் பக்கம் திரும்புவதைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்திய ஆசிரியர்கள் இங்கே பலர் இருக்கிறோம். இப்படிப்பட்ட ஊரில் 'இன்று ஒன்றும் நடக்கவில்லை' என்பதைவிட நல்ல செய்தி கிடையாது. நான்கு பெண்பிள்ளைகள் அரைமணி நேரம் நடக்கிறார்கள், ஒன்றும் நடக்காமல் வீடு சேருகிறார்கள் என்ற கதையை இங்குள்ள மாணவி திரும்பத் திரும்பப் பார்ப்பது கிராமத்தின் அழகுக்காக என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தத் தலையாரியும் வரமாட்டார் என்ற உறுதியை அந்தத் தொடர் அவளுக்குக் கொடுக்கிறது. அதைத் தப்பித்தல் என்று சொல்வதென்றால், வீட்டுக்குப் போவதையும் அப்படியே சொல்ல வேண்டும்.

ஆனால் அந்த உறுதிக்கு ஒரு விலை இருக்கிறது. ஐந்தே பேர் படிக்கும் பள்ளி அழகாகத்தான் இருக்கிறது. மற்ற பிள்ளைகள் எங்கே? இளையவர்கள் நகரங்களுக்குப் போய்விட, முதியவர்களோடு காலியாகிக்கொண்டிருக்கும் ஜப்பானியக் கிராமத்தின் அமைதி அது. தமிழ்நாட்டிலும் ஒற்றை இலக்க மாணவர்களோடு நடக்கும் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து யாருக்கும் மனம் ஆறுவதில்லை.

இன்னொன்றும் உண்டு, எனக்கு இதுவே முக்கியமானது. அந்தத் தொடரில் எந்தக் குழந்தையும் எந்த வீட்டுக்குள்ளும் போகலாம், கொடுத்ததைச் சாப்பிடலாம். தமிழில் அப்படி ஒரு வரி எழுதிப் பாருங்கள். எந்தத் தெருவுப் பிள்ளை, எந்தத் தெருவு வீடு என்று வாசகர் உடனே கேட்பார், கேட்கவும் வேண்டும். இதே மாவட்டத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமாவின் 'கருக்கு' (1992) ஊரின் அழகைச் சொல்லித்தான் தொடங்குகிறது. மலைகளும் பெயரோடு வருகின்றன. கொஞ்ச தூரத்திலேயே தெருக்கள் சாதிவாரியாகப் பிரிந்து நிற்பதும் வந்துவிடுகிறது. பாமாவுக்கும் பிள்ளைகளின் விளையாட்டு பிடிக்கும், அதை விரிவாகவே எழுதுகிறார். விளையாட்டுக்குள்ளும் முதலாளியும் கூலியாளும் புகுந்துவிடுகிறார்கள். தெருக்களை அழித்துவிட்டு ஆறுதலான கிராமம் ஒன்றை நாம் வரைந்தால் அது பொய்யாகத்தான் இருக்கும். நம் திரைப்படங்கள் அதைப் பல ஆண்டுகள் வண்ணத்தில் செய்து காட்டின.

அப்படியானால் தெருக்களையும் உழைப்பையும் மறைக்காமல் அமைதியாகக் கதை சொல்லவே முடியாதா? முடியும். இசாவோ தகாஹாதா 1991-இல் எடுத்த 'ஒமோஹிதே பொரோபொரோ' அதற்குச் சான்று. 27 வயதான டோக்கியோ அலுவலகப் பெண் ஒருத்தி விடுப்பெடுத்து யாமகாத்தாவுக்குச் செந்தூரகப் பூப் பறிக்கப் போகிறாள். படம் முழுக்க மெதுவாகவே நகர்கிறது. அதற்குள் அவள் ஒரு பழைய செய்தியைச் சொல்கிறாள்: முற்காலத்தில் அந்தப் பூவைப் பறித்த பெண்களின் கைகள் முள் குத்தி இரத்தம் கசிந்தன. அதிலிருந்து செய்த செஞ்சாயத்தை அவர்கள் ஒருநாளும் தம் உதட்டில் பூசியதில்லை. மத்தாப்பு செய்கிற ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பிறகு ஓர் உழவன் அவளிடம், நீ இயற்கை என்று வியக்கும் காடும் ஓடையும் தலைமுறை தலைமுறையாக உழவர்கள் கைபட்டு உருவானவை என்று சொல்கிறான். இதையெல்லாம் சொன்ன பிறகும் படத்தின் அமைதி குலைவதில்லை. 'நான் நான் பியோரி'யைவிட இதை நான் உயர்த்திச் சொல்வது இதனால்தான்.

தமிழில் இதற்கு அருகில் வந்தது எம். மணிகண்டனின் 'கடைசி விவசாயி' (2022). அதிலும் தலையாரி வருகிறார், இம்முறை காக்கிச் சட்டையில். செத்த மயில்களைப் புதைத்த கிழவர் மாயாண்டி, அவற்றைக் கொன்றதாகச் சிறைக்குப் போகிறார். அவருடைய கவலையெல்லாம் பயிருக்குத் தண்ணீர் யார் பாய்ச்சுவது என்பதுதான். நடுவர் அந்தப் பொறுப்பை ஒரு காவலரிடம் ஒப்படைக்கிறார். காவலர் வயலில் இறங்கித் தண்ணீர் பாய்ச்சுகிறார். அவசரமில்லாமல், நகைச்சுவையோடு அந்தக் காட்சிகள் போகின்றன. வந்த தலையாரியின் கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டது அந்தப் படம். கி.ரா. இருந்திருந்தால் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அவர் 2021 மே மாதம் மறைந்தார்.

சென்ற பருவத்தில் இளங்கலை மாணவர்களிடம் 'ஒரு நாள்' என்ற தலைப்பில் எழுதித் தரச் சொன்னேன். பெரும்பாலோர் தேர்வு நாள், திருவிழா நாள் என்று எழுதினார்கள். ஒரு மாணவி தீபாவளிக்குப் பிந்திய நாளொன்றை எழுதியிருந்தாள். அப்போது பட்டாசு ஆலைகள் சில வாரங்கள் மூடியிருக்கும், வீட்டில் கூலிப் பணமும் வராது. அம்மா வெயில் ஏறும்வரை தூங்குகிறார். எழுந்து முருங்கைக்கீரை ஆய்கிறார். பக்கத்து வீட்டு அத்தை வந்து, கடனாக வாங்கிய சீனியைத் திருப்பித் தருகிறார். மத்தியானம் நாய் ஒன்று திண்ணையில் ஏறிப் படுக்கிறது. நான்கு பக்கமும் இப்படியே போயிற்று. அடுத்த பத்தியில் ஏதாவது நடந்துவிடுமோ என்று எதிர்பார்த்துக்கொண்டே படித்தேன். நடக்கவில்லை. இதில் கதை எங்கே இருக்கிறது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். திருத்தித் தருவதற்கு முன் ஒரு படி எடுத்து வைத்துக்கொண்டேன்.