பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போடுவது யார்?



சென்ற ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம். கேளம்பாக்கத்தில் வண்டலூர் சாலை வந்து சேரும் முனையில் காலை ஆறு மணிக்கே லாரி நுழைய இடமில்லை. அந்த நெரிசலில்தான் ஒரு பயிற்சி நிலையத்தார் அனுப்பிய நான்கு பிள்ளைகளுக்கு எங்கள் மண்டியில் பதினைந்து நாள் நேரடிப் பயிற்சி முடிந்தது. கடைசி நாளன்று ஆளுக்கு ஒரு படிவம் கொண்டுவந்து நீட்டினார்கள். நேரம் தவறாமை, சரக்கு அறிவு, கணக்கு, வாடிக்கையாளரிடம் நடந்துகொள்ளும் முறை என்று பத்துத் தலைப்பு. தலைப்புக்குப் பத்து மதிப்பெண். கல்லாவில் கூட்டம் நிற்கிறது. நான்கு படிவத்திலும் எல்லாத் தலைப்புக்கும் ஒன்பது ஒன்பதாகப் போட்டு, கையெழுத்திட்டு, கடை ரப்பர் ஸ்டாம்பையும் வைத்துக் கொடுத்துவிட்டோம். ஆக எல்லோருக்கும் தொண்ணூறு. படிக்கிற பிள்ளைகள், நம்மால் ஏன் குறைய வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அவசரமும்தான்.

அந்த நால்வரில் ஒரு பெண் இருந்தாள். வந்த மூன்றாம் நாளே, உளுந்து அடுக்கில் பழைய லாட் அடியில் சிக்கிக்கிடக்க, புதிய லாட்டிலிருந்து சரக்கு போய்க்கொண்டிருப்பதைப் பார்த்துக் கணக்குப்பிள்ளையிடம் சொன்னாள். இன்னொரு நாள் 26 கிலோ அரிசிப் பைக்கு வரி போட்டு அடித்திருந்த பில்லை நிறுத்தினாள். அடைத்துப் பெயரிட்டு விற்கும் அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரைதான் 5 சதவீத ஜி.எஸ்.டி. என்று 2022 ஜூலை 18 முதல் நடைமுறை. அதனால்தான் 26 கிலோ பை என்ற ஒன்றே நம் கடைகளுக்கு வந்தது. முப்பது வருடம் கடையில் நின்ற எங்கள் ஆள் தவறவிட்டதை அவள் பிடித்தாள். அதே நால்வரில் ஒரு பையன் பாதி நாள் வரவில்லை. வந்த நாளிலும் மூட்டை மேல் உட்கார்ந்து செல்போன் பார்த்தான். இருவருக்கும் தொண்ணூறு.

நான்கு மாதம் கழித்துத் திருப்போரூர் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் செய்தார். அந்தப் பையனை வேலைக்கு எடுத்திருக்கிறார். கடன் நோட்டில் வாங்கியதை எழுதுவான், வரவு வைத்ததை எழுத மாட்டான். பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். “அண்ணாச்சி, உங்க ஸ்டாம்பைப் பார்த்துத்தானே எடுத்தேன்?” என்று கேட்டார். பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணோ ஒரு ஏஜென்சி அலுவலகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போனாளாம். அங்கே வந்த எல்லோருடைய தாளிலும் தொண்ணூறும் தொண்ணூற்றைந்தும் இருந்திருக்கிறது. தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையை எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பையனுக்கு நாங்கள் போட்டது பொய். இந்தப் பெண்ணுக்குப் போட்டது அநியாயம். இரண்டும் ஒரே எண்.

நம் தராசை நினைத்துப் பாருங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கொரு முறை முத்திரை வைத்தாக வேண்டும். விற்ற கம்பெனிக்காரரே “சரியாக இருக்கிறது” என்று எழுதிக் கொடுத்தால் சட்டம் ஏற்குமா? வேறொருவர் சோதனை எடைக்கல்லைக் கொண்டுவந்து வைத்துப் பார்க்கிறார். அனுமதித்த வரம்புக்கு மேல் பிசகினால் முத்திரை கிடையாது. ஒரு தராசுக்கு உள்ள இந்தக் கட்டுப்பாடு ஒரு பிள்ளையின் பிழைப்பை நிர்ணயிக்கும் தாளுக்கு இல்லை. பயிற்சி கொடுத்தவருக்குத் தேர்ச்சிக் கணக்கு வேண்டும். படிவத்தில் கையெழுத்துப் போடும் நமக்கு அவசரம். 2013-ல் தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பு வந்தது. 2015-ல் மத்திய அரசின் கௌசல் விகாஸ் திட்டம். 2022-ல் தமிழக அரசின் நான் முதல்வன். திட்டங்களுக்குக் குறைவில்லை. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வரும் முறையும் ஏட்டில் இருக்கிறது. ஆனால் ஒரு நாள் வந்து, நான்கு விடையில் ஒன்றைத் தொடச்சொல்லி டேப்லெட்டைக் கையில் கொடுத்தால், துவரம் பருப்பில் கேசரிப் பருப்பு கலந்திருப்பதைப் பிடிப்பானா என்று எப்படித் தெரியும்? மூட்டை வாங்கும்போது நாம் லேபிளைப் பார்த்தா விலை பேசுகிறோம்? மேலே, நடுவில், அடியில் என்று குத்தூசி போட்டு எடுத்துப் பார்க்கிறோம்.

பழைய காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். தட்டச்சுத் தேர்வு எழுதியவர்களை நம்மில் பலர் வேலைக்கு வைத்திருக்கிறோம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் தேர்வு. இளநிலை என்றால் நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலை என்றால் 45 சொல். பிழைக்கு மதிப்பெண் போகும். சொல்லிக்கொடுத்த இன்ஸ்டிடியூட்காரர் தாளைத் திருத்துவதில்லை. அதனால் அந்தச் சான்றிதழைப் பார்த்தவுடன் இந்தப் பிள்ளையால் என்ன முடியும் என்பது நமக்குத் தெரிந்தது. “ஏ கிரேடு” என்ற இன்றைய தாளில் அது தெரிகிறதா?

நம் பக்கத்திலேயே மாமல்லபுரத்தில் 1957-ல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறது. அங்கே எழுத்துத் தேர்வு இருந்தாலும் மாணவன் செதுக்கிய சிலை கண் முன்னே நிற்கும். உளி தெரிந்தவர் பார்த்தால் மூக்கு எங்கே பிசகியது என்று சொல்லிவிடுவார். கடை வேலையில் அப்படி எடுத்து நிறுத்திக் காட்ட ஒன்றுமில்லை, உண்மைதான். ஆனால் அளவுகோல் இல்லாமல் போகவில்லை. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களின் பாடத்திட்டத்தை ஒருவர் காட்டினார். செய்முறையில் தேர்ச்சிக்கு 60 சதவீதம் வேண்டும். எழுத்துப் பாடத்துக்கு 33 போதும். அதைவிட நமக்குப் பிடித்தது வேறு. அவ்வப்போது சொல்லிக்கொடுத்தால் ஏற்கத்தக்க விதமாகச் செய்கிறவனுக்கு 60-லிருந்து 75. கொஞ்சம் மட்டும் சொன்னால் போதும் என்பவனுக்கு 75-லிருந்து 90. ஏறக்குறைய எந்தத் துணையும் இன்றித் தானே திட்டமிட்டு முடிப்பவனுக்குத்தான் 90-க்கு மேல். வேலைப் பழக்கம், சேதாரம் குறைத்தல், பாதுகாப்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது. பிட்டருக்கும் வெல்டருக்கும் எழுதியதுதான், ஆனால் மளிகைக் கடைக்கு அப்படியே பொருந்துகிறது. ஒரு பையனுக்கு எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதானே நாம் தினமும் பார்ப்பது? இதை முதலிலேயே அறிந்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு 92-ம் அந்தப் பையனுக்கு 40-ம் போட எங்களுக்கு ஐந்து நிமிடம் ஆகியிருக்காது.

மகேந்திரா சிட்டியில் ஜெர்மன் கார்த் தொழிற்சாலை 2007 முதல் நடக்கிறது. எங்கள் உறவில் ஒரு பையன் அங்கே வேலை செய்கிறான். அவன் சொல்லித்தான் அந்த நாட்டு முறையைத் தேடிப் படித்தோம். அங்கே கடை விற்பனையாளர் வேலைக்கே இரண்டு வருடப் பயிற்சி. மேற்கொண்டு படிப்பவருக்கு மூன்று வருடம். பெரும்பாலான நாட்கள் கடையில், மற்ற நாட்கள் பள்ளியில். இறுதித் தேர்வை நடத்துவது நம் சங்கம் போன்ற வர்த்தக சபை. 1969-ல் வந்த சட்டப்படி தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர்கள் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும். கூடவே ஆசிரியர் ஒருவராவது வேண்டும். ஒரு விற்பனைச் சூழ்நிலையைக் கொடுத்து, இருபது நிமிடத்துக்கு மிகாமல் பேசவைத்துப் பார்க்கிறார்கள். குழுவில் உட்காருகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை, கௌரவப் பணி.

குழுவில் கடைச் சிப்பந்திக்கும் சம இடமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். எங்கள் அனுபவத்தில், வேலை தெரிந்தவனை முதலில் கண்டுகொள்வது உடன் நின்று மூட்டை தூக்குகிறவர்தான். முதலாளிக்குத் தெரிவது பிறகு. அந்தப் பெண்ணின் திறமையை எங்கள் கணக்குப்பிள்ளை ஒரு வாரத்தில் சொன்னார். நாங்கள் காதில் வாங்கவில்லை.

“நாம் மெனக்கெட்டுச் சோதித்துத் தேர்ச்சி கொடுப்போம், பிள்ளை சிறுசேரியில் ஏதாவது கம்பெனிக்குப் போய்விடுவான்” என்கிறார்கள். போகட்டும். ஆள் கிடைக்கவில்லை என்று ஒவ்வொரு பொதுக்குழுவிலும் புலம்புகிறோம். வருகிற ஆளை எடைபோடும் பொறுப்பு வந்தால் மட்டும் நேரமில்லை என்கிறோம். இன்னொரு ஆட்சேபணையை மட்டும் எளிதில் தள்ள முடியாது. வணிகர் கையில் மதிப்பெண் போனால் சொந்தக்காரப் பையனுக்கு ஏறும்; ஊருக்குள் ஆகாத வீட்டுப் பிள்ளைக்கு இறங்கும். குறைந்த சம்பளத்தில் தன் கடையிலேயே வைத்துக்கொள்ள விரும்புகிறவர் வேண்டுமென்றே குறைத்தும் போடலாம். நடக்காது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல முடியுமா? அதனால்தான் பயிற்சி கொடுத்த கடைக்காரர் இறுதி மதிப்பெண் போடக் கூடாது என்கிறோம். கேளம்பாக்கத்துப் பிள்ளையைத் திருப்போரூர்க்காரர் பார்க்கட்டும். மாமல்லபுரத்துப் பிள்ளையைக் கோவளத்துக்காரர் பார்க்கட்டும். தேர்வுக்கு ஒரு வணிகர், ஒரு சிப்பந்தி, ஒரு ஆசிரியர். போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் ஒரு வரி எழுத வேண்டும். குறைந்தவன் ஏன் என்று கேட்டால் காட்ட வேண்டும். மூன்று மாதம் கழித்து மறுபடி வர வழியும் வேண்டும்.

தேர்வுக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மூன்று தட்டில் துவரம் பருப்பு வைத்தால் போதும், கலப்பு எது என்று சொல்லட்டும். 25 கிலோ பையும் 26 கிலோ பையும் சேர்த்து ஒரு பில் போடட்டும். தேதி கலந்து கிடக்கும் பிஸ்கட் பெட்டிகளை அடுக்கட்டும். “போன மாசமே கட்டிட்டேனே” என்று கோபமாக வரும் கடன் வாடிக்கையாளராக நம்மில் ஒருவர் நடிக்கலாம். அந்த வேடத்துக்கு ஆள் பஞ்சம் இருக்காது; தினமும் பார்க்கிறோமே.

அந்தப் பெண்ணுக்குப் புதிதாக ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தோம். மதிப்பெண் இல்லை, உளுந்து அடுக்கையும் 26 கிலோ பில்லையும் அப்படியே எழுதினோம். இப்போது ஒரு மொத்த விற்பனை அலுவலகத்தில் ஸ்டாக் கணக்குப் பார்க்கிறாள். அந்தப் பையனுடைய தாளைத் திரும்ப வாங்க முடியவில்லை, எங்கள் ஸ்டாம்புடன் அது இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

வரும் செயற்குழுவில் இதைத் தீர்மானமாக வைக்கக் கேட்டிருக்கிறோம். தேர்வாளராக வர விருப்பமுள்ள உறுப்பினர்கள் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். முதல் பெயராக எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டோம். நாள் குறிக்கும்போது மாத முதல் வாரத்தையும் தீபாவளி, பொங்கல் வாரங்களையும் தவிர்க்க வேண்டும்.