கேள்வி நம்முடையது! கேட்பவரின் கணக்கு எங்கே?



"டெல்லியில எம்.பி. என்ன கேட்டா நமக்கென்னப்பா, கரும்புப் பணம் வந்தாப் போதும்" என்று டீக்கடையில் பேசிக்கொள்கிறோம். அந்தக் கரும்புப் பணம் வராமல் இழுத்தடிக்கப்படுவதற்கும் டெல்லியில் கேட்கப்படாத கேள்விக்கும் சம்பந்தம் உண்டு. அதை எடுத்துச் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

மக்களவை காலை 11 மணிக்குக் கூடியதும் முதல் ஒரு மணி நேரம் கேள்வி நேரம். அமைச்சர் எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் ஒரு நாளைக்கு 20. எழுத்தில் பதில் தர வேண்டியவை 230. உறுப்பினர்களோ 543 பேர். முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, குலுக்கலில் பெயர் வந்தால்தான் கேள்வி ஏறும். கிணற்றில் முறைத் தண்ணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் வயலுக்குப் பாய வேண்டிய முறையன்று எவனோ மடையைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டால் சும்மா இருப்போமா? மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட மாட்டோமா? ஒரு எம்.பி. கேட்கும் கேள்வியும் நம்முடைய முறைதான். நாம் போட்ட ஓட்டில் வந்த முறை!

விலைக்கு விற்ற கேள்விகள்

2005 டிசம்பர் 12-ம் தேதி நாடே டி.வி.யில் பார்த்தது. நிருபர்கள் சிலர், இல்லாத ஒரு சிறுதொழில் சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு எம்.பி.க்களிடம் போனார்கள். "எங்க கேள்வியைக் கேளுங்க, பணம் தர்றோம்" என்றார்கள். ரகசியக் கேமரா ஓடிக்கொண்டிருந்தது. 15 ஆயிரத்திலிருந்து ஒரு லட்சத்துப் பத்தாயிரம் வரை கை நீட்டி வாங்கினார்கள் மக்கள் பிரதிநிதிகள்! ஒரே கட்சி அல்ல. பா.ஜ.க., பகுஜன் சமாஜ், ராஷ்ட்ரீய ஜனதா தளம், காங்கிரஸ் என்று நாலு கட்சிக்காரர்கள்.

வேடிக்கை என்னவென்றால், நிருபர்கள் கொடுத்த கேள்விகளில் சில வேண்டுமென்றே கட்டிவிட்ட கதைகள். கதைப் புத்தகத்தில் வரும் ஆளின் பெயரில் ஒரு ரயில் என்ஜின். 'சாலிங்கர் பருத்தி' என்று உலகத்திலேயே இல்லாத ஒரு பருத்தி விதை. அதற்கு வயல் சோதனை அனுமதி கொடுத்தாச்சா என்று ஒரு கேள்வி! அந்தச் சமயத்தில் விதர்பாவிலும் ஆந்திராவிலும் பருத்தி விவசாயி கடன் தாங்காமல் பூச்சி மருந்தைக் குடித்துச் செத்துக்கொண்டிருந்தான். அவனுடைய நிஜப் பருத்தியைப் பற்றிக் கேட்க வேண்டிய இடத்தில், இல்லாத பருத்தியைப் பற்றிக் கேட்கக் காசு!

2005 டிசம்பர் 23 அன்று 11 பேரின் பதவி பறிக்கப்பட்டது. மக்களவையில் 10 பேர், மாநிலங்களவையில் ஒருவர். "எங்களை நீக்க சபைக்கு அதிகாரம் இல்லை" என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்கள். 2007 ஜனவரி 10-ல் கோர்ட் சபையின் அதிகாரத்தை உறுதி செய்தது.

இது புது வியாதி அல்ல. சுதந்திரம் வாங்கி நாலே வருஷத்தில், 1951-ல், முட்கல் என்ற உறுப்பினர் பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காகச் சபையில் வேலை செய்தார் என்று புகார். விசாரித்த குழுவுக்குத் தலைவர் நம் ஊர்க்காரர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் உறுதியானது. நீக்குவதற்குள் அவரே ராஜினாமா செய்துவிட்டார்.

2023 டிசம்பர் 8-ல் மேற்கு வங்கத்து எம்.பி. மஹுவா மொய்த்ரா, ஒரு தொழிலதிபருக்காகக் கேள்வி கேட்டார், தன்னுடைய நாடாளுமன்றக் கணக்கின் கடவுச்சொல்லைக் கொடுத்தார் என்ற புகாரில் நீக்கப்பட்டார். பணம் வாங்கவில்லை என்று அவர் மறுத்தார். 2024 தேர்தலில் அதே தொகுதியில் ஜெயித்துத் திரும்பியும் வந்தார். யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் வரவில்லை. நாம் கேட்பது வேறு.

கைநீட்டினால்தான் குற்றமா?

கவர் வாங்கியவரைக் கேமரா வைத்துப் பிடிக்கலாம். கவரே தேவைப்படாதவரை எப்படிப் பிடிப்பது? கம்பெனியே அவருடையது என்றால் அவருக்கு யார் லஞ்சம் கொடுக்க வேண்டும்?

கரும்பையே எடுத்துக்கொள்வோம். 1966-ம் வருஷத்துக் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? கரும்பு வாங்கிய 14 நாளில் ஆலை பணம் தர வேண்டும். தவறினால் வருஷத்துக்கு 15 சதவீத வட்டி தர வேண்டும். சட்டம் இருக்கிறது. அந்த வட்டியைக் கையில் வாங்கியவர் நம்மில் எத்தனை பேர்?

இதே சர்க்கரைக்கு 2018 ஜூனில் மத்திய அரசு குறைந்தபட்ச விற்பனை விலை வைத்தது, கிலோ 29 ரூபாய். 2019 பிப்ரவரியில் 31 ஆக்கியது. ஆலை நஷ்டப்படக் கூடாது என்று செய்தார்கள். சரி, செய்யட்டும். ஆனால் யோசித்துப் பாருங்கள். "சர்க்கரை விலையை எப்ப ஏத்துவீங்க?" என்பதும் ஒரு கேள்வி. "14 நாள் தாண்டிய பாக்கிக்கு 15 சதவீத வட்டியை எந்தெந்த ஆலை கொடுத்துச்சு?" என்பதும் ஒரு கேள்வி. முதல் கேள்வி ஆலைக்காரர் கேள்வி. இரண்டாவது நம்ம கேள்வி. ஆலையில் பங்கு வைத்திருப்பவர் எம்.பி.யாகப் போனால் இரண்டில் எது அவர் வாயில் முதலில் வரும்?

ஆலை முதலாளி கேள்வியே கேட்கக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. தொழில் தெரிந்தவர் கேட்டால் நல்லதும் நடக்கலாம். ஆனால் "எனக்கு இதில் பங்கு இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கேட்கட்டும். பஞ்சாயத்தில்கூட, தன் பங்காளி வழக்கு வந்தால் "நான் இதில் பேசலப்பா" என்று பெரியவர் விலகி உட்காருவார். ஊர் மரத்தடியில் இருக்கும் நாகரிகம் நாட்டின் பெரிய சபையில் இருக்க வேண்டாமா?

பூட்டிய பீரோவில் கணக்கு

"வேட்பாளர்தான் சொத்துக் கணக்கு கொடுக்கிறாரே" என்பீர்கள். உண்மை. சுப்ரீம் கோர்ட் 2002-லும் 2003-லும் சொன்ன தீர்ப்புகளால் அது வந்தது. 2018-ல் வருமானம் எங்கிருந்து வருகிறது என்பதையும் எழுத வேண்டும் என்றது கோர்ட். ஆனால் அது மனுத் தாக்கலன்று எழுதிய கணக்கு. நாற்று நட்ட அன்று எடுத்த போட்டோவைக் காட்டி அறுவடைக் கணக்குச் சொல்ல முடியுமா? ஜெயித்த பிறகு 90 நாளுக்குள் சபாநாயகரிடம் ஒரு சொத்துக் கணக்கு கொடுக்கிறார்கள். அது நம் பார்வைக்கு வருவதில்லை.

மாநிலங்களவையில் உறுப்பினர்களின் நலன் பதிவேடு என்று ஒன்று உண்டு. சம்பளம் வாங்கும் இயக்குநர் பதவி, தொடர்ந்து பணம் வரும் வேலை, கம்பெனியை ஆட்டிவைக்கும் அளவுக்குப் பங்கு, காசு வாங்கிச் சொல்லும் ஆலோசனை, பார்க்கும் தொழில், இந்த ஐந்தையும் அதில் எழுத வேண்டும். நம் ஓட்டில் நேராக ஜெயித்துப் போகிறவர்கள் இருக்கும் மக்களவைக்கோ இப்படி ஒரு பதிவேடு வைக்கப்படவில்லை. இது என்ன நியாயம்?

இங்கிலாந்தில் மக்கள் சபைப் பதிவேடு 1974-லேயே வந்துவிட்டது. அங்கும் 1994-ல் காசுக்குக் கேள்வி கேட்டு நாறியது. இப்போது அங்கே ஒரு உறுப்பினர் தனக்கு ஆதாயம் உள்ள விஷயத்தில் கேள்வி கொடுத்தால், அச்சிட்ட தாளில் அந்தக் கேள்விக்குப் பக்கத்திலேயே ஒரு எழுத்தைப் போட்டுவிடுகிறார்கள். படிப்பவன் பார்த்தவுடனே தெரிந்துகொள்வான். ஒரே ஒரு எழுத்து! நம் நாட்டில் அதைப் போட மை இல்லையா, மனசு இல்லையா?

கேள்வி இல்லாவிட்டால் என்ன ஆகும்?

2020 செப்டம்பரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்தில் பதில் மட்டும். அதே கூட்டத்தொடரில்தான் மூன்று வேளாண் சட்டங்கள் வந்தன. செப்டம்பர் 20-ல் மாநிலங்களவையில் எண்ணி ஓட்டெடுக்கச் சொல்லி உறுப்பினர்கள் கத்தியும், குரல் ஓட்டிலேயே முடித்தார்கள். பிறகு விவசாயிகள் டெல்லி எல்லையில் குளிரிலும் வெயிலிலும் ஒரு வருஷம் உட்கார்ந்துதான் 2021 நவம்பரில் அவற்றை ரத்து செய்ய வைத்தார்கள்.

அந்தப் போராட்டத்தில் இறந்தவர்களுக்கு நிவாரணம் உண்டா என்று பிறகு நாடாளுமன்றத்தில் கேட்டார்கள். வேளாண் அமைச்சகத்தின் பதில் என்ன தெரியுமா? இதுபற்றிப் பதிவு எதுவும் இல்லை, ஆகவே நிவாரணம் என்ற பேச்சே எழவில்லை! கொடுமையான பதில்தான். ஆனால் அதை எழுத்தில் வாங்கியது ஒரு கேள்வி. அரசு நம்மை எந்த இடத்தில் வைத்திருக்கிறது என்று நாடு தெரிந்துகொண்டது. கேள்வியின் பலம் அதுதான். அதனால்தான் அதற்கு விலை வைக்கிறார்கள்.

2024 மார்ச் 4-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஏழு நீதிபதிகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். சபையில் பேசவோ ஓட்டுப் போடவோ லஞ்சம் வாங்கினால் சபை உரிமை என்று தப்பிக்க முடியாது. நல்ல தீர்ப்பு. ஆனால் பிடிபட்டவனுக்குத்தான் கோர்ட். பிடிபடாமல் நடப்பதைத் தடுக்க வெளிச்சம் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

நம் எம்.பி. என்னென்ன கேள்வி கேட்டார், என்ன பதில் வந்தது என்பது நாடாளுமன்ற வலைத்தளத்தில் இருக்கிறது. அவருடைய தேர்தல் சொத்துக் கணக்கு தேர்தல் ஆணையத்தின் வலைத்தளத்தில் இருக்கிறது. படித்த பிள்ளைகளை விட்டு இரண்டையும் எடுக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நெல் கொள்முதல், உரத் தட்டுப்பாடு, பயிர்க் காப்பீடு, கரும்புப் பாக்கி பற்றி எத்தனை கேள்வி? மற்றது எத்தனை? யாருக்காக? அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் சரி, நாம் ஓட்டுப் போட்டவராகவே இருந்தாலும் சரி, கணக்கு ஒன்றுதான்.

கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் துண்டு போட்டு வரவேற்பதற்கு முன்னால் இந்தக் கோரிக்கைகளைக் கையில் கொடுங்கள்:

1. மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் உறுப்பினர் நலன் பதிவேடு வேண்டும். எவரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும்.

2. ஆதாயம் உள்ள விஷயத்தில் கேள்வி கேட்டால், கேள்விக்குப் பக்கத்திலேயே அதை அச்சிட வேண்டும்.

3. பங்கு, பதவி மாறினால் உடனே பதிவேட்டில் எழுத வேண்டும். மறைத்தால் நடவடிக்கை வேண்டும்.

4. ஒவ்வொரு கூட்டத்தொடர் முடிந்ததும் எம்.பி. தொகுதிக்கு வந்து, தான் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

5. எந்தக் காரணம் சொல்லியும் கேள்வி நேரத்தை ரத்து செய்யக் கூடாது.

விவசாயிகளே! ஒரு மூட்டை நெல் விற்கப் போனால் சிட்டா எங்கே, அடங்கல் எங்கே, பேங்க் பாஸ்புக் எங்கே என்று நம்மிடம் நூறு காகிதம் கேட்கிறார்கள். கால் ஏக்கர்காரன் கணக்குக் காட்டுகிறான். கோடிக் கணக்கில் வைத்திருப்பவர் காட்டக் கூடாதா?

நம் முறைத் தண்ணியை நாமே காப்போம்! நம் கேள்வியை நாமே காப்போம்!

கணக்கைக் காட்டு! கேள்வியைக் கேள்!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!