கட்டையில் கட்டிய பெரணி

ஆசிரிய நண்பர்களும் பெற்றோர்களும் சற்றுப் பொறுமையுடன் இப்பதிவைப் படிக்க வேண்டுகிறேன். மீன் தொட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஆயினும் என் மனக்குறை மீன்களைப் பற்றியது அன்று.

சில ஆண்டுகளுக்கு முன்பு அறிவியல் மூலைகளுக்கான போட்டி ஒன்று நடைபெற்றது. எங்கள் மாணவர்களும் ஒரு தொட்டியை ஆயத்தம் செய்திருந்தனர். உள்ளே ஒரு மரக்கட்டை. அதன்மேல் மாணவர்களே தையல் நூலால் கட்டிய ஜாவா பெரணிகள் நான்கு. தண்ணீர் வெளிர் தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டு இலைகளில் ஓட்டை வேறு. பார்வையிட வந்தவர், "தண்ணீரையாவது மாற்றியிருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அங்கே பளிங்கு போன்ற நீர், நெகிழிச் செடிகள், வண்ணக் கற்கள்! பரிசும் அங்கேதான் போயிற்று. தோற்றதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால், அதனினும் என்னை வருத்தியது மறுநாள் ஒரு மாணவி கேட்ட கேள்வி: "டீச்சர், நாமும் பிளாஸ்டிக் செடி வாங்கிவிடலாமா?"

வாங்கக் கூடாது என்பதே என் கருத்து. காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் அந்த நிறம். கட்டையிலிருந்து கசியும் தானின் என்னும் பொருளே நீரைப் பழுப்பாக்குகிறது. நாம் காலையில் அருந்தும் தேநீரிலும் அவ்வகைப் பொருள் உண்டு. வட சிலாங்கூரின் சதுப்புநிலக் காட்டு ஓடைகளில் நீர் இதைவிடக் கருமையாக ஓடுகிறது. மீன்களும் அதில் நலமாக வாழ்கின்றன. அழுக்கு வேறு, நிறம் வேறு. கண்ணுக்குப் பிடிக்கவில்லையெனில் கட்டையைக் கொதிக்கவைத்தோ, இரண்டு மூன்று வாரம் ஊறவைத்தோ நிறத்தைக் குறைக்கலாம். பள்ளியில் வாளியில் ஊறவைப்போர் ஒன்றை மறவாதீர்கள்: மூடி போட்டு, அன்றாடம் நீரை மாற்ற வேண்டும். நம் நாட்டு வெப்பத்தில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். அறிவியல் மூலையால் டிங்கிக் காய்ச்சல் வந்தது என்ற பெயர் நமக்கு வேண்டா.

அடுத்து, செடி. கடையில் வாங்கிய ஜாவா பெரணியையோ அனுபியாஸையோ மணலில் புதைத்துவிட்டு, சில வாரங்களில் "செத்துவிட்டது ஐயா" என்று சொல்லும் பெற்றோர்கள் பலர். பிழை செடியில் இல்லை. இவற்றின் இலைகளுக்கும் வேர்களுக்கும் நடுவே இஞ்சி போல் கிடையாகப் படரும் தண்டு ஒன்று உண்டு. இஞ்சியை மண்ணுக்குள் வைக்கிறோம்; இதையோ புதைத்தால் அழுகிவிடும். தண்டு முழுவதும் நீரில் திறந்திருக்க, வேர்கள் மட்டும் கட்டையைத் தொட வேண்டும். ஆகவேதான் கட்டுகிறோம்.

எதனால் கட்டுவது? பருத்தித் தையல் நூல் போதும். கறுப்பு அல்லது பழுப்பு நிறமென்றால் கண்ணை உறுத்தாது. இலைகளின் இடையே புகுத்தி மூன்று நான்கு சுற்று. தண்டு நசுங்காத அளவுக்கு இறுக்கம். ஒன்றிரண்டு மாதங்களில் வேர்கள் கட்டையைப் பற்றிக்கொள்ளும். நூலும் தானாக மக்கி உதிரும். நைலான் நூல் மக்காது, பின்னர் நாமே வெட்டியெடுக்க வேண்டும்.

என் சக ஆசிரியர் ஒருவர் இதற்குச் சூப்பர் குளூதான் சிறந்தது என்பார். அவரோடு நான் முழுதும் மாறுபடவில்லை. அது தண்ணீர் பட்டவுடன் இறுகிவிடும். இறுகியபின் மீனுக்கும் கேடில்லை. பெரியவர்கள் வீட்டில் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளையின் விரலும் கண்ணும் இருக்குமிடத்தில் அது கூடாது. அதுமட்டுமன்று, பசை என்றதும் அப்பா வேலையை வாங்கிக்கொள்கிறார்! முந்தைய இரவு அப்பா ஒட்டியதை மறுநாள் பிள்ளை சுமந்துவரும். நூலென்றால் பிள்ளையே கட்டும். கோணலாகக் கட்டும், அவிழும், மிதக்கும், மீண்டும் கட்டும்.

அப்படிக் கட்டும்போதுதான் ஒரு மாணவன், "இது கட்டையின் சத்தை உறிஞ்சுமா?" என்று கேட்டான். எந்த நெகிழிச் செடி இக்கேள்வியை எழுப்பும்? தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் என் அம்மா தேங்காய் மட்டை வைத்து மாமரத்தில் ஆர்க்கிட் கட்டிவைத்திருந்தார். அதைச் சொல்லி விளக்கினேன். ஆர்க்கிட் மரத்தை உண்பதில்லை, மரத்தில் தங்குகிறது. அதுபோலவே பெரணியும் தன் சத்தை நீரிலிருந்து பெறுகிறது; மீன் கழிவும் அதற்கு உரம். ஒட்டுண்ணிக்கும் தொற்றுத்தாவரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அந்த வகுப்பு மறக்கவில்லை.

இலைகளில் ஓட்டை விழுந்ததற்கும் காரணமுண்டு. பண்ணைகளில் இச்செடிகளைப் பெரும்பாலும் நீருக்கு வெளியே வளர்க்கிறார்கள். நீரில் மூழ்கியதும் பழைய இலைகள் சில அழிந்து, புதியவை துளிர்க்கும். இலையின் அடியில் கரும்புள்ளிகள் வரிசையாகத் தோன்றினால் நோயென்று கிள்ளிவிடாதீர்கள். நானே ஒருமுறை கிள்ளி எறிந்திருக்கிறேன். அவை பெரணியின் சிதல்விதைப் பைகளாக இருக்கலாம். முதிர்ந்த இலையிலேயே குட்டிச் செடிகளும் முளைக்கும். இலைவழி இனவிருத்திக்கு வழக்கமாக நாம் காட்டுவது ரணகள்ளியைத்தான்; இதையும் காட்டலாமே?

ஆனால், இவற்றுக்கெல்லாம் இரண்டு மாதம் வேண்டும். போட்டி அறிவிப்போ இரண்டு வாரத்துக்கு முன்புதான் வருகிறது. ஏற்பாட்டாளர்களிடம் என் வேண்டுகோள் இதுவே: அறிவிப்பை முன்கூட்டியே அனுப்புங்கள். தொட்டியின் தோற்றத்துக்குத் தரும் புள்ளிகளில் பாதியையாவது மாணவரின் குறிப்பேட்டுக்குத் தாருங்கள். எந்த நாளில் கட்டினான், எந்த இலை உதிர்ந்தது, முதல் வேர் எப்போது பற்றியது என்று அதைப் படித்தாலே வேலை யாருடையது என்று விளங்கிவிடும்.

அந்தத் தொட்டி இன்றும் எங்கள் வகுப்பறையில் இருக்கிறது. நான்காக இருந்த பெரணியைப் பிரித்துப் பிரித்து இப்போது பதினோரு கட்டைகளில் வைத்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை மேலும் மூன்று கட்டைகளில் கட்டப்போகிறோம். எங்கள் வகுப்புப் பெற்றோர்கள் பிள்ளையிடம் ஒரு பருத்தி நூல்கண்டு மட்டும் கொடுத்தனுப்புங்கள்.