அனாமலி குற்றமா?

ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி காதில் விழும் ஆங்கிலச் சொல் ‘அனாமலி’. புள்ளிகளெல்லாம் கோட்டின்மேல் அமர, ஒன்றுமட்டும் விலகி நின்றால் அதற்கு இப்பெயர் சூட்டுவர். தமிழில் ‘ஒழுங்கின்மை’ என்கிறோம். சிலர் ‘கோளாறு’ என்றே தீர்ப்பளித்து விடுகின்றனர். தீர்ப்பு முறைதானா?

சொல்லின் வேர் கிரேக்க மொழியில் உள்ளது. ‘ஹோமலோஸ்’ என்றால் சமதளமானது. ‘அன்’ இன்மையைக் குறிக்கும். சேர்ந்தால் ‘சமதளமல்லாதது’. விதி என்று பொருள்படும் ‘நோமோஸ்’ என்ற சொல்லிலிருந்து இது பிறந்தது என்பாரும் உளர், அது பொருந்தாது. மேடுபள்ளத்தைச் சுட்டும் சொல்லில் விதிமீறிய குற்றம் எங்கே இருக்கிறது?

வடமொழியிலும் இத்தகைய சொல் உண்டு. ‘சம’ என்பதோடு ‘வி’ சேர்ந்து ‘விஷம’ ஆயிற்று, பொருள், சமமல்லாதது. தமிழுக்கு வந்த விஷமமோ குறும்பும் தீங்கும் ஆகிவிட்டது! சமமல்லாததைக் கண்டதும் பழி சுமத்தும் மனித இயல்புக்கு வேறு சான்றும் வேண்டுமோ?

யுரேனஸின் பாதை கணக்கோடு ஒட்டவில்லை. அந்த ஒட்டாமையே 1846-இல் நெப்டியூனைக் காட்டிக்கொடுத்தது.

நந்திதுர்க்கில் பிறந்தவன் நான். எங்கள் கோலார் தங்கவயலின் கதையையும் சொல்லவேண்டும். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கிலோமீட்டருக்கும் கீழே, இந்திய, ஜப்பானிய, பிரிட்டானிய அறிஞர்கள் 1965-இல் காற்றுமண்டல நியூட்ரினோவின் தடங்களைக் கண்டனர். பின்னர்ப் பதிவான சில தடங்கள் எந்தக் கணக்குக்கும் அடங்கவில்லை. கருவிக் கோளாறு என்று அவற்றைக் கழித்துவிடாமல், 1975-இல் உலகறிய வெளியிட்டனர். ‘கோலார் நிகழ்ச்சிகள்’ என்பது அவற்றின் பெயர். புதிய துகளின் சுவடோ என்ற ஐயம் எழுந்தது. பிற ஆய்வுகள் அதனை உறுதிசெய்யவில்லை. சுரங்கங்கள் 2001-இல் மூடப்பட்டன. கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது. பதிவு செய்திராவிடில் கேள்வியே பிறந்திராது!

நம் செய்முறை ஏடுகளையும் சற்றே புரட்டுங்கள், நண்பர்களே! கோட்டுக்கு வராத புள்ளியை அழிப்பானால் துடைத்து, முழு மதிப்பெண் வாங்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. மதிப்பெண் கிடைக்கும், அறிவியல் கிடைக்குமா?

‘அனாமலி’யை ‘ஒட்டாமை’ என்று சொல்லிப் பார்க்கலாம் என்பது என் கருத்து. பிழை அளவிலா, கணக்கிலா என்று அச்சொல் முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லாது. ஒட்டாத புள்ளியை ஏட்டிலேயே இருக்கவிடுங்கள். மீண்டும் அளந்து பாருங்கள். பிழையென்று தெளிந்தபின் காரணத்தை எழுதி விலக்குங்கள். விசாரணைக்கு முன் தண்டனை வேண்டாம்!